வானம் தெரிகிற கூரை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றையும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் ஆட்கள் இரண்டு ஷேர் ஆட்டோவுக்குத் தேற மாட்டார்கள். நாங்கள் யூதர்கள். அப்பா கொங்கணக் கரையிலிருந்து இளம் வயதில் ஆவடி ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்த எனக்கு மராத்தி அரைகுறை, ஹீப்ரு அதிலும் பாதி. சண்டை போடவும் அழவும் தமிழ்தான்.

புரட்டாசியில் ஊரே பெருமாளுக்காகக் கறி மீனை ஒதுக்கி வைத்திருக்கும். எங்கள் பண்டிகைகள் பெரும்பாலும் அப்போதுதான் வரிசை கட்டி வரும். முதலில் புத்தாண்டு, ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவோம். பத்தாம் நாள் பெரிய நோன்பு. அன்று வெள்ளை உடுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியாட்கள் யாரோடும் பேசாமல் இருப்பது எங்கள் வழக்கம். கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் எதிர்வீட்டு மாமா அன்று ஒரு நாள் எங்கள் வாசலுக்குக் காவல். அப்பாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரியர்காரர் பெல்லில் கை வைக்கப் போனால், "அங்க அடிக்காத நைனா. இன்னிக்கு அவங்க சாமியாண்ட பேசிகினு கீறாங்க" என்று பார்சலைத் தானே வாங்கி வைத்துக்கொள்வார்.

நோன்பு முடிந்த கையோடு மொட்டை மாடியில் குடிசை போடுவோம். பௌர்ணமியன்று தொடங்கி ஒரு வாரம் அதற்குள்தான் சாப்பாடு. வீடு வாசல் இல்லாமல் பாலைவனத்தில் அலைந்த எங்கள் முன்னோர்களின் நினைவாக அது. சுவர் எதுவாகவும் இருக்கலாம், விதியெல்லாம் கூரைக்குத்தான். வெட்டிய ஓலையோ தழையோ போட வேண்டும். இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். அந்த ஓலைக்கும் வானத்துக்கும் நடுவில் வேறெதுவும் இருக்கக் கூடாது. இதை எழுதி வைத்த பெரியவர்கள் ஐப்பசி நெருங்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம்கூடச் சென்னையில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

போன வருடம் எங்களுக்குக் குடிசை இல்லை. பண்டிகை வாரம் முழுக்க அப்பா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "குடிச போட்டாச்சா?" என்பார். நர்ஸ் திட்டி மறுபடி மாட்டுவார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த நுரையீரல் இன்னொரு தடவை தாங்காது, மழையில் மட்டும் நனைய விடாதீர்கள் என்றார். ஆக, இந்த வருடம் அப்பாவுக்கு முதல் நாள் குடிசைக்குள் உட்கார்ந்து ஒரு வாயாவது சாப்பிட்டுவிட வேண்டும். எனக்கு அவர் தலையில் ஒரு சொட்டு விழக் கூடாது. பண்டிகைக்கு முந்தைய வாரமெல்லாம் நான் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நசரத்பேட்டைப் பக்கமிருந்து பச்சைத் தென்னை ஓலை வந்து இறங்கியது. சவுக்குக் கம்பு நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. நான் அப்பாவையும் கீழே கூட்டிப் போய்ச் சப்பாத்தி சுட்டு, ஊறிய உலர்திராட்சையைப் பிழிந்து வடிகட்டினேன். ஒயினுக்குப் பதிலாக எங்கள் வீட்டில் அந்தச் சாறுதான்.

பொழுது சாய்ந்து பண்டிகை பிறந்த பிறகு, அப்பாவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனேன். குடிசையின் தலையில் பளபளவென்று ஒரு நீலத் தார்ப்பாய். நாலு மூலையிலும் லாரிக்காரர்கள் போடுகிற முடிச்சு. பக்கத்தில் எதிர்வீட்டு மாமா, சட்டை நனைந்து, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா மாமே, எப்டி கீது? நீ பாட்டுக்கு ஓட்டையா உட்டுட்ட. ஒரு சொட்டு எறங்காது பாரு!"

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மேலே தார்ப்பாய் இருந்தால் அது எங்களுக்குக் குடிசையே இல்லை. அதோடு பண்டிகை பிறந்தபின் முடிச்சு அவிழ்ப்பதும் வேலை. முதல் நாள் எங்களுக்கு வேலை கூடாது. இன்னொருவரை ஏவவும் கூடாது. ஜாடையாக வேண்டுமானால் சொல்லலாம். அப்பாவுக்கு ஜாடை வராது. ஷெட்டில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகியவர்.

"இங்க குந்துனா வானம் தெர்ல" என்றார்.

"மழ பெய்ற வானத்துல இன்னா பாக்கப் போற?"

"காத்தும் வர்ல."

"உனுக்கு எதுக்குக் காத்து? போன வருசம் பட்டது பத்தாதா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே ஓலை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நீலத் தார்ப்பாயை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் கடவுளிடம் கேட்க வெட்கப்பட்டதை மாமா யாரும் கேட்காமலே கட்டி வைத்திருந்தார். அப்பா உள்ளே போகவில்லை. தூறலில் வாசலிலேயே நின்றார், சாப்பாட்டுப் பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சும்மா நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, அதை அவுத்துடுங்க. மேல மூடினா எங்களுக்கு அது குடிசையில்ல. அப்பா வாய்விட்டுக் கேக்கக் கூடாது, அதான் நான் கேக்கிறேன். பாவம்னா எனக்கே வரட்டும்."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? மூணு கிளாஸ் டீ குட்ச்சு கட்டுனேன்" என்று முனகிக்கொண்டே மளமளவென்று அவிழ்த்தார். ஆனால் தார்ப்பாயை விடவில்லை. ஒரு ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். "நீ சாமி கும்புட்டு ஒரு வாய் துன்னு மாமே. பெருசா வந்தா டக்குனு போத்திடுவேன்."

அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார். ஓலை சொட்டியது. திராட்சைச் சாறு இருந்த டம்ளரைத் தூக்கி ஹீப்ருவில் தொடங்கியவர், கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். திரும்பத் தொடங்கினார், குரல் அதே இடத்தில் நின்றது.

மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னாம்மா அது, அந்த எடத்துலயே நிக்குது?"

"எங்களைச் சாகவிடாம வச்சிருந்து, இந்த நாள் வரைக்கும் கொண்டாந்து சேத்தியேன்னு கடவுளுக்குச் சொல்றது மாமா."

தார்ப்பாய் அவர் கையிலிருந்து தரையில் விழுந்தது. குனிந்து உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வழுக்கைத் தலையிலும் சொட்டியது.

"சொல்லு மாமே. போன வருசம் உன்னத் தோள்ல போட்டுகினு படி எறங்குனது நானு. நீ திரும்பி வருவேன்னு நெனைக்கவே இல்ல. நானும் கேக்கணும்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை கடைசி வரை சொன்னார்.