சீனத் தெருவில் கிடைத்த கிண்ணம்

பழையகாயலில் சீனத் தெரு என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து அதைக் கட்டியவர் என் மாமாதான். ஒரே வாரத்தில், வாயாலேயே கட்டி முடித்தார்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எனக்கு ஏழு வயது. அம்மாவின் தம்பியான மாமா அங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய மிடுக்குமாக ஊருக்குத் திரும்பியிருந்தார். அவரைத் தேடி ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒரு காலத்தில் சீனக் கப்பல்கள் பழையகாயலுக்கு வந்துபோனதாகப் படித்திருக்கிறாராம். அந்தப் பழைய பட்டணத்தைப் பார்க்க வேண்டுமாம். ஊர் ஜனமெல்லாம் துறைமுகத்துக் கிரேனை வேடிக்கை பார்க்கப் பஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் தொப்பியும் பையுமாக உடைமரக் காட்டுக்குள் நடந்தார்.

மணலில் பீங்கான் சில்லுகள் கிடந்தது நிஜம். பாண்டி விளையாட நாங்கள் பொறுக்குவதே அதைத்தான். வெள்ளைக்காரர் அவற்றை ஊதித் துடைத்து, பஞ்சில் பொதிந்து வைத்துக்கொண்டார். மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இந்த மேடு சீன வியாபாரியின் வீடு, அந்தப் பள்ளம் அவர்கள் குளித்த கிணறு, நடுவே போவது சீனத் தெரு என்று அளந்துகொண்டே போனார். வெள்ளைக்காரரும் மாங்கு மாங்கென்று எழுதிக்கொண்டார். கப்பல் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் அனுப்புவதாக அவர் மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தெரு நீண்டதற்குக் காரணம் அதுதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு ஆசை காட்டினார்கள். பூப்போட்ட சில்லு கொண்டுவந்தால் பைனாகுலரில் கப்பல் பார்க்கலாம். பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து, தரையில் கால் பாவாமல் திரிந்தாள். எனக்கு அகப்பட்டதெல்லாம் வெறும் வெள்ளை.

அப்போதுதான் கிண்ணம் நினைவுக்கு வந்தது.

என் அப்பா சங்கு குளிக்கிறவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். ஒரு நாள் சங்கோடு சங்காகக் கடலடியிலிருந்து நீலப்பூப் போட்ட கிண்ணம் ஒன்றை எடுத்துவந்தாராம். அதன்பிறகு அதில் ஊற்றினால்தான் கஞ்சி குடிப்பாராம். அவருடைய கல்லறை மேடையில் அம்மா அந்தக் கிண்ணத்தைச் சிமெண்டில் பதித்து வைத்திருந்தாள். கல்லறைத் திருநாளன்று அதற்குள் மெழுகுவர்த்தி நிற்கும். எந்தக் கடற்காற்றிலும் அணையாது.

கீழே அப்பா இருக்கிறார், மேலே இருப்பது வெறும் விளக்குக் கிண்ணம். ஏழு வயதில் என் கணக்கு அவ்வளவுதான். உப்புக் காற்றில் சிமெண்ட் பொரிந்துபோயிருந்தது. ஒரு துருப்பிடித்த ஆணியால் நோண்டினேன். உடையாமல் கையோடு வந்தது.

மாமா கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சிமெண்ட் குழைத்துக் கொடுத்ததே அவர்தான். "இங்கன தெருவுலதான எடுத்த?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் வெள்ளைக்காரரிடம் திரும்பி, சீனத் தெருவில் கிடைத்ததாகச் சொன்னார். அந்தப் படித்த மனிதரோ பேனாக்கத்தியால் அடியில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். அத்தனை பழைய கிண்ணத்தில் சிமெண்ட் எப்படி வந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

பைனாகுலரில் கப்பல்கள் நன்றாகத்தான் தெரிந்தன.

மறுநாளே வெள்ளைக்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அம்மா பூவும் மெழுகுவர்த்தியுமாக மேடை முன்னால் போய் நின்றாள். கிண்ணம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. அதற்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு அதிலேயே மெழுகுவர்த்தியை நட்டுப் பற்ற வைத்தாள். அணைந்தது. மறுபடி பற்ற வைத்தாள். தீப்பெட்டி காலியாகிற வரைக்கும் விடவில்லை.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டாள்.

"விடு யக்கா, வேற நல்ல கிண்ணமா வாங்கிப் பதிச்சிருவோம்" என்றார் மாமா.

"அங்கன வேற என்னல கெடக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அப்பாதான் கிடக்கிறாரே, இது என்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். மாமா தலையைத் தொங்கப் போட்டபடி வெளியே போனார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. சிபாரிசுக் கடிதமும் வரவில்லை.

அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. புருஷன் குழியைத் திறந்து, எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பெண்டாட்டியையும் அதிலேயே வைப்பார்கள். குழி வெட்ட வந்தவர் வெளியூர்க்காரர். நெஞ்சளவு இறங்கியதும் மண்வெட்டியை நிறுத்தினார்.

"ஒரு எலும்பையும் காணமே அண்ணாச்சி. இது வெட்டாத மண்ணுல்லா?"

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "முங்குன ஆளு மேல வரவே இல்ல. கிண்ணத்த மட்டுந்தான் இங்கன வச்சோம். நீரு வெட்டும்" என்றார்.

குழி ஓரத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலாக, அடிவரைக்கும் வெறும் மணல் கிடந்தது.