ராமாத்தாளின் முதுகுத் திருகாணி

ராமாத்தாள் லாரியிலிருந்து விழுந்தது 1952ஆம் வருஷம், தொழிலாளர் குடியிருந்த லயத்தைப் பிரித்து வேறு இடத்தில் கட்டிய வாரத்தில். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கொம்னிஸ்காரர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று, மலாயாவில் ஜாசினுக்கு அப்பாலிருந்த கல்லுமலை ரப்பர் தோட்டத்து வீடுகளை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களின் மேல் அம்மிக்கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், லாரி பள்ளத்தில் இறங்கியபோது அம்மியோடு கீழே வந்தாள்.

"அம்மிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றுதான் முதலில் கேட்டாள். கால் மரத்துப்போயிருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர், உடைந்த முதுகெலும்பைத் திருகாணி முடுக்கிய தகட்டால் இறுக்கிக் கட்டினார். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திறங்கிய சாமான் அது. இரண்டு மாதம் கழித்து, மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டோடு ராமாத்தாள் தோட்டத்துக்குத் திரும்பினாள். வேலி வாசலில், அரிசி ஒளித்திருக்கிறார்களா என்று பெண்களைச் சோதிக்கும் ராஜம்மாளுக்கு அந்தப் பருமன் சந்தேகமாக இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"உள்ள என்னா இருக்கு?"

"நான்தான் இருக்கேன். வேணும்னா கூப்பிட்டுப் பாரு."

ராஜம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பதிவு அட்டைகள் கீழே சிதறின. அன்றிலிருந்து தினமும் ஒரு தட்டுத் தட்டி, "ராமாத்தாக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுவாள்.

கட்டுப் பிரித்த பிறகு ராமாத்தாள் பழைய வேலைக்கே போனாள். ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறையவைக்கும் கொட்டகை வேலை. நாலு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு முதுகில் ஓரிடம் மட்டும் சுட ஆரம்பித்தது. குனிந்தால் உள்ளே ஏதோ நறுக்கென்றது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார்.

"வேல செய்ய ஒடம்பு வணங்கலன்னா சொல்லு ராமாத்தா, வேல வாங்கற மண்டோர்கிட்ட பேசறேன்."

"வணங்காதது நான் இல்லைங்கய்யா. உள்ள வச்ச சாமான்."

அவர் நம்பவில்லை. கணவன் இருளாண்டி நம்பினான். அடுத்த விடுமுறை நாளில் ஜாசின் சந்தைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, அவளை டவுனுக்கு அழைத்துப் போனான்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். திருகாணிகளில் ஒன்று இரண்டாக முறிந்து கிடந்தது. அவருக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்ற சந்தை மலாய்தான். அதில் அவள் சொன்னாள்: "துவான், எங்க கொட்டாயில ஆசிட் தொட்டிக்கு ஒரு தடவ வேற இரும்புல திருகாணி போட்டாங்க. தொட்டி நல்லா இருந்திச்சி. திருகாணிய மட்டும் ஆசிட் தின்னுடுச்சி. என் ஒடம்புலயும் உப்புத் தண்ணிதானே ஓடுது?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். தகடு ஒரு உலோகம், திருகாணி வேறொன்று; உப்பு நீரில் இரண்டும் ஒட்டிக் கிடந்தால் ஒன்று அரித்துப்போகும். அனுப்பிய கம்பெனிதான் கலந்து அனுப்பியிருக்க வேண்டும் என்றார். "பெட்டியில் வந்ததை அப்படியே நம்பிப் போட்டேன். சோதித்திருக்க வேண்டும்" என்று தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். எலும்பு நன்றாக ஒட்டிவிட்டதாம். இனி அந்தத் தகடே தேவையில்லை, எடுத்துவிடலாம்.

இருளாண்டிக்கு உயிர் வந்தது. ராமாத்தாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பெட்டி சாமான வேற யாருக்கு வச்சீங்க?"

"இன்னும் இரண்டு பேருக்கு."

"அவங்களையும் கூப்பிடுங்க துவான்."

டாக்டரின் கடிதம் கண்டவுடன் வந்தவர் ஒரு மலாய்க்காரப் பென்ஷன்காரர். ரெம்பியாவில் பஸ் கண்டக்டராக இருந்த பிச்சைமுத்து வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் பதிலில்லை. அதற்குள் ராமாத்தாளுக்கு அறுவை முடிந்து தையலும் பிரித்தாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் நாளன்று முறிந்த திருகாணியை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஒரு மருந்துக் குப்பியில் போட்டுக்கொண்டாள். இருளாண்டியை இழுத்துக்கொண்டு நேராக ரெம்பியாவுக்கு பஸ் ஏறினாள்.

பிச்சைமுத்து ஆற அமரச் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு நோவும் இல்லக்கா. நல்லா இருக்கறவன எதுக்கு மறுபடி அறுக்கணும்? விடுங்கலா."

ராமாத்தாள் குப்பியைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது என் முதுகுல இருந்திச்சி தம்பி. உடையறதுக்கு மொதநாள் வரைக்கும் நானும் நல்லாத்தான் இருந்தேன். அறுக்கச் சொல்லல. படம் எடுத்துப் பாரு, அது போதும்."

அவன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெட்டினாற்போலக் கிடந்த துண்டுகளில் கறுப்புப் படிந்திருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், டிக்கெட் கிழிக்காமல் பயணியாக உட்கார்ந்து, டவுனுக்குப் போனான். அவனுடைய திருகாணிகளில் இரண்டு பாதிவரை அரித்துப்போயிருந்தன. இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். மற்ற இருவருக்குள்ளிருந்தவற்றையும் எடுத்து, ராமாத்தாளின் தகட்டோடும் படங்களோடும் சேர்த்துக் கட்டிக் கம்பெனிக்கே அனுப்பினார். மீதிப் பெட்டியைத் திருப்பியெடுத்துக்கொள்வதாக மட்டும் பதில் வந்தது. வருத்தம் என்றொரு சொல் அதில் இல்லை. அதைக் கேட்டு ராமாத்தாள் திட்டிய திட்டை இருளாண்டி யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

1953 கடைசியில் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். சோதனை இல்லை, ஊரடங்கு இல்லை. சோற்றை மூட்டைகட்டி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். முதல் ஞாயிற்றுக்கிழமையே பிச்சைமுத்து பெண்டாட்டியோடு தோட்டத்துக்கு வந்து, எல்லோரையும் உம்பாய்க் கடற்கரைக்குக் கிளப்பினான். ராஜம்மாளும் சேர்ந்துகொண்டாள். புளிச்சோற்றுப் பானையை ராமாத்தாள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. மீனவர்களிடம் அயிலை மாதிரியான கெம்போங் மீன் வாங்கி, தென்னை மட்டை பற்றவைத்துச் சுட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ராமாத்தாள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அலையில் இறங்கினாள்.

"பாத்துக்கா, முதுகு," என்றான் பிச்சைமுத்து.

"உனக்கும் அதே முதுகுதான் தம்பி, வா."

கடைசி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்தது எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் கரையேறவில்லை.