நீல வயரில் நான்கு சுமைகள்

மருமகன் கட்டாரிலிருந்து வரவிருந்த வெள்ளிக்கிழமை காலை, அவருடைய காருக்குள் தலையை விட்டபடி நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். கார் அவருடையது. வீடு மகளுடையது, நான் கொடுத்த சீதன உறுதிப் பத்திரத்தின் வாசகத்தைப் பிழை திருத்தியவனே நான்தான். நானும் மனைவியும் பக்க அறையில் இருக்கிறோம்.

மருமகனுக்கு மனம் கோணினால் சத்தம் போடமாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதமுனையிலுள்ள தன்னைப் பெற்ற உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். போன விடுமுறையில், குழாய் ஒழுகுவதைப் பற்றி நான் ஒரு சொல் அதிகம் சொன்னதற்காகப் பதினொரு நாள் அங்கே இருந்தார். விடுமுறையே ஒரு மாதம்தான். அந்தப் பதினொரு நாளும் மகள் எனக்கு முகம் தரவில்லை.

இம்முறை சாமான்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்: காரின் பாட்டு செட்டுக்குச் சத்தத்தைப் பெருக்கும் இரண்டு அம்ப், தானாக எழும்பும் ஏரியல், அம்ப்புகளைக் குளிரவைக்க ஒரு விசிறி. கடையில் கொடுத்துப் பொருத்திப் பூட்டும்படி மகளிடம்தான் சொன்னார். மாமனாரோடு மருமகன் நேரே கதைப்பது எங்கள் பக்கம் மரியாதையல்ல.

“கடை என்னத்துக்கு? நான் பூட்டுறன்,” என்றேன்.

செட்டின் பின்னால் ஒரு நீல வயர் வரும். செட் எழும்பிவிட்டது என்று அம்ப்புக்கு அறிவிப்பதே அதன் வேலை. மேலதிகாரியின் கையொப்பம் மாதிரி: உத்தரவிடும், மூட்டை தூக்காது. பல சாமான்களை எழுப்ப வேண்டுமானால் நடுவில் ரிலே என்ற சிறு மின்விசை ஒன்றை வைக்க வேண்டும். நீல வயர் ரிலேயை மட்டும் தட்டும், மின்சாரத்தை பற்றரி கொடுக்கும். இதெல்லாம் அம்ப்போடு வந்த கைந்நூலில் இருந்தது. அடிக்கோடிட்டு வாசித்தேன். பிறகு, ரிலேயைப் பின்னர் வாங்கலாம், இப்போதைக்குச் சோதித்துப் பார்ப்போம் என்று நான்கையும் அந்த ஒரு வயரில் முறுக்கினேன். நான் வேலை பார்த்த கந்தோரில் எவருக்கும் நான் கொடுக்காத தற்காலிக அனுமதியை எனக்கே கொடுத்தேன்.

ஏரியல் எழும்பியது. விசிறி சுழன்றது. பிறகு ஒரு கருகல் மணம். நீல வயர் செத்துவிட்டது.

“அவர் வாற வான் மகாஓயா தாண்டிட்டாம் வாப்பா,” என்றாள் மகள்.

சைக்கிளை மிதித்து வாகன மின்சாரக் கடைக்கு ஓடினேன். ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைக்காரர் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு ரிலே தாங்க பாஸ். மருமகன்ட காரு, நாலு சாமான் பூட்டின, நீல வயர் எரிஞ்சிட்டு.”

“நாலையும் ஒரே வயர்லயா குடுத்தீங்க சேர்? புத்தகத்துல எழுதியிரிக்குமே.”

“வாசிச்சன்.”

“வாசிச்சிட்டுமா?” சிரித்துவிட்டார். “செட்டக் கழட்டித்தான் பார்க்கணும். இண்டைக்கு ஏலா. ரிலேக்குச் சாவி வயர்ல இருந்து எடுத்துக் குடுங்க. ஆனா செட்ட நிப்பாட்டினாலும் மத்ததெல்லாம் நிக்காது, சாவியத் திருப்பி நிப்பாட்டினாத்தான் நிக்கும். மருமகன் கண்டுபிடிச்சிருவாரு.”

வேறு வழி இருக்கவில்லை. ரிலேயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, கடைக்காரர் சொன்னபடியே பூட்டினேன். கடைசித் திருகை இறுக்கும்போது வான் வாசலில் நின்றது.

மருமகன் ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டார். பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பாட்டு கணீரென்று வந்தது. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர் செட்டை நிறுத்தினார். பாட்டு நின்றது, ஏரியல் இறங்கவில்லை, விசிறி இரைந்துகொண்டே இருந்தது. மீண்டும் போட்டார், நிறுத்தினார். குனிந்து மோந்து பார்த்தார்.

உள்ளே வந்து மகளிடம், “உம்மாவப் பாத்திட்டு வாறன்,” என்றார். திறக்காத பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

“என்ன வாப்பா செஞ்சீங்க?”

ரிலேயைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அசர்த் தொழுகை நேரம் கழிந்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடத்தில் ஒரு நாளும் அழைக்காத அவருடைய இலக்கத்தை அழைத்தேன்.

“சொல்லுங்க மாமா.” குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் பயம்.

“கடைக்குக் குடுக்கல்ல. நான்தான் பூட்டின. செட்டையும் நான்தான் எரிச்ச.”

“விளங்கிச்சு மாமா.”

“கழட்டித் திருத்தித் தாறன்.”

“வேணாம் மாமா. நீங்க தொடாதீங்க.”

“ராவைக்குச் சாப்பிட வருவீங்கதானே?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“உம்மாக்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றன்.”

திரும்பினால் மகள் கதவருகில் நிற்கிறாள். “என்ன சொன்னாரு?”

அவருக்கும் சேர்த்து அரிசி போடச் சொன்னேன்.