பதினோரு எழுத்து வார்த்தை

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஜாஸ்பின் டீச்சர் பாடம் நடத்துவதில்லை. போர்டில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிப் போடுவார். அந்த மூன்றும் உள்ள ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் தேடிப் பிடித்துத் திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வர வேண்டும். யாருடைய வார்த்தை ரொம்ப நீளமோ அவர்களுக்கு ஒரு பேனா.

சிவகாசியை அடுத்த ஆமத்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி அது. காரியாபட்டியில் தமிழ் வழியில் படித்து வந்த டீச்சருக்கு, ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நீளமான ஆங்கில வார்த்தை எதிரே வந்தால் வாசிக்கவே பயமாக இருக்கும். அந்தப் பயம் தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றுதான் இந்த விளையாட்டை ஆரம்பித்தார். "வீட்ல கண்ணுல படுற எல்லாத்தையும் வாசிங்க. சோப்புக் கவர், பிஸ்கட் பாக்கெட், எதையும் விடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்த சமயம். அந்த வாரம் கொடுத்த எழுத்துகள் சி, ஹெச், எல். திங்கட்கிழமை பாதி வகுப்பு சாக்லேட் என்று எழுதி வந்தது. ஒன்பது எழுத்து. எப்போதும் ஜெயிக்கிற பெனிட்டோ டெக்னாலஜி என்று பத்து எழுத்தோடு வந்து, பேனாவுக்குக் கையை நீட்டத் தயாராக நின்றான். அப்போது கடைசி வரிசையிலிருந்து அனுப்பிரியா எழுந்தாள். அதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்காதவள்.

"டீச்சர், எனக்குப் பதினொன்னு."

தாளில் பெரிய எழுத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தாள்: பெர்குளோரேட். வகுப்பே கை தட்டியது. டீச்சர் பேனாவைக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடியே கேட்டார்.

"இத எங்க பார்த்த?"

"எங்க வீட்டுச் சாக்குல டீச்சர். கட்டிலுக்கு அடியில இருக்கு."

பட்டாசில் அடைக்கிற மருந்து அது. வீட்டில் வைத்து மருந்து அடைத்து, வெடித்துச் செத்தவர்கள் கதையெல்லாம் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த பீரியட் முழுக்க அவர் என்ன நடத்தினார் என்பது அவருக்கே நினைவில்லை. இடைவேளையில் கணவர் சுந்தர்ராஜுக்குப் போன் போட்டார்.

"சொன்னா அந்தப் புள்ளையோட அப்பனப் பிடிச்சு உள்ள போட்ருவாங்க. சொல்லாம விட்டா..." என்றார் சுந்தர்ராஜ்.

பள்ளி விட்டதும் டீச்சர் அனுப்பிரியாவோடேயே அவள் வீட்டுக்கு நடந்தார். தகரம் போட்ட ஒற்றை அறை. கட்டிலில் இரண்டு வயதுத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில் அந்தச் சாக்கு, பக்கத்தில் காகிதக் குழாய்கள் நிறைந்த கூடை. ஆறடி தள்ளி அடுப்பில் அனுப்பிரியாவின் அம்மா செல்லத்தாய் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். என்ன இம்புட்டு தூரம் வந்திருக்கீக?" என்றவள், டீச்சரின் பார்வை போன இடத்தைக் கண்டதும் அடுப்பை அணைத்தாள்.

அப்பா முனியசாமி மகளை முறைத்தான். "நீயாடி சொன்ன?"

"புள்ள ஒன்னும் சொல்லல. ஒரு வார்த்தைய ஸ்பெல்லிங் தப்பில்லாம எழுதினா, அம்புட்டுதான்" என்று டீச்சர் குறுக்கே நின்றார்.

வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி மூன்று மாதமாக அடைத்துக் கிடப்பதை முனியசாமி சொன்னான். ஏஜெண்டு ஒருவர் சாக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார், குழாயில் மருந்து அடைத்துக் கொடுக்க வேண்டும். "இன்னும் ஒரு மாசந்தான் டீச்சர். சீசன் முடிஞ்சிரும்."

"அண்ணே, நாளைக்குக் காலைல பெல் அடிக்கிறதுக்குள்ள இது இங்கன இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நானே தாலுகா ஆபீசுக்குப் போன் பண்ணிருவேன்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து ஒரே யோசனை. ஏன் அப்போதே போன் பண்ணவில்லை? யாரைக் கேட்டு நாளைக்காலை வரைக்கும் தவணை கொடுத்தேன்? அந்தச் சின்னப் பயல் அதே கட்டிலில்தானே படுப்பான்?

மறுநாள் பெல் அடித்தது. அனுப்பிரியா வரவில்லை. பிரேயர் முடிந்தது, வருகைப் பதிவும் எடுத்தாயிற்று. எங்கோ ஊருக்குள் யாரோ வெடித்த வெடிச் சத்தத்துக்கு டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினால், கேட்டில் செல்லத்தாய் நின்றாள். இடுப்பில் பையன், கையைப் பிடித்தபடி மகள், தோளில் ஒரு துணிப்பை.

"அந்தச் சாக்கு வெளிய போனாத்தான் நான் வீட்டுக்குள்ள வருவேன்னு அவுககிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன் டீச்சர். அதுவரைக்கும் நாங்க இங்கன இருந்துக்கிடுறோம்."

சத்துணவுக் கூடத்து நிழலில் பையனைப் படுக்கப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு முனியசாமி வந்தான்.

"ஏஜெண்டு ஆட்டோ வச்சு எடுத்துட்டுப் போயிட்டாக" என்றான், மனைவியைப் பார்த்து.

"எங்க கொண்டு போனாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"இன்னொரு வீட்டுக்கு. கீழத்தெருவுல."

கீழத்தெருவிலும் கட்டில் இருக்கும், பிள்ளை இருக்கும். டீச்சர் செல்லத்தாயின் முகத்தைப் பார்த்தார். அவள் பையனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். டீச்சர் அங்கேயே நின்று தாலுகா ஆபீசுக்குப் போன் பண்ணினார்.

சாயங்காலத்துக்குள் அதிகாரிகள் வந்து சாக்கை எடுத்துப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏஜெண்டைப் பிடித்தார்கள். விசாரணை என்று முனியசாமியையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து விடுவித்தார்கள். இப்போது அவன் சிவகாசியில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். வழியில் டீச்சரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். செல்லத்தாய் மட்டும் நின்று, "சாப்பிட்டீகளா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அனுப்பிரியா ஒருநாள் எல்லாரும் போனபின் நின்று கேட்டாள். "டீச்சர், அந்த வார்த்தைய நான் எழுதிருக்கக் கூடாதோ?"

"நீ எழுதினதுதான் சரி" என்றார் டீச்சர். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு மூன்று எழுத்து, நான்கு எழுத்து வார்த்தைகளைத்தான் எழுதி வருகிறாள். டீச்சர் அவற்றுக்கும் சரி போட்டுக் கொடுக்கிறார்.