சோதனைக்காரம்மா

கையைத் தூக்கச் சொல்லிவிட்டு நீலாயதாட்சி கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் தோளிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து கொசுவத்துக்கும் இறங்கும். "சேலை ஒரு சத்தம் போடும், காயிதம் ஒரு சத்தம் போடும். கண்ணு முழிச்சிருந்தா காது கேக்காது" என்பார்.

பூவத்தில் பிரெஞ்சு எல்லை முடியும் இடத்தில், சாவடியை ஒட்டி ஒரு கீற்று மறைப்பு இருந்தது. இந்தியப் பக்கம் போய்த் திரும்பும் பெண்களை அதற்குள் நிறுத்திச் சோதிப்பதுதான் அவர் வேலை. தங்கமோ துணியோ அவர் தேடவில்லை. அச்சடித்த காகிதம் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது. வேலைக்கு எடுத்த அன்று கொமிசேர், அதாவது போலீஸ் அதிகாரி, ஒரு நோட்டீஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். இவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். அப்போதே வேலை கிடைத்துவிட்டது. "படிச்சவ எவளும் வேணாம்னுட்டாரு" என்று இன்றும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். எலும்பு பருத்த உடம்பு, இடது கன்னத்தில் எப்போதும் ஒரு புகையிலைத் துண்டு. இளம் வயதிலேயே கணவரை இழந்து, தலத்தெருவில் தம்பி தங்கையன் வீட்டில் இருந்தார்.

ஊருக்குள் பிரெஞ்சு சர்க்காரின் ஒலிபெருக்கி வண்டி ஒன்று தினம் வரும். அந்தப் பக்கம் பஞ்சம், காலரா, இந்தியாவோடு இணைய வேண்டும் என்று போனவர்கள் கஞ்சிக்குக்கூடக் கையேந்துகிறார்கள் என்று சொல்லும். நீலாயதாட்சி எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிறவர் அல்ல. எல்லை தாண்டி வரும் ஒவ்வொருத்தியிடமும், "அங்க சோறு கெடைக்குதா?" என்று கேட்பார். நானும் இரண்டு முறை அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். மாயவரத்தில் அக்கா வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, "எங்கம்மா, கஞ்சிக்கே வழியில்ல" என்றேன். உண்மையைச் சொன்னால் அது சிப்பாய் காதுக்குப் போகும் என்று பயம். எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொன்னோம். அவரும், வண்டி சொல்வது சரிதான் என்று தினமும் உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் தங்கையன் இந்தியக் கொடி ஊர்வலத்தோடு எல்லை தாண்டிப் போனார். வைகாசியில் வண்டி ஐந்து பெயர்களை வாசித்தது. அந்தப் பக்கத்து முகாமில் காலரா கண்டு செத்தவர்களாம். மூன்றாவது பெயர், தலத்தெரு தங்கையன். உடல் வரவில்லை. உடல் இல்லாமலே கருமாதி நடந்தது. தம்பி மனைவி அல்லிக்கு வயது இருபத்திரண்டு. அவள் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியது நீலாயதாட்சிதான். மறுநாளே சாவடிக்குப் போனார். "போகலன்னா நானும் அவன் கட்சின்னு நெனச்சுக்குவாங்க."

ஆடி மாதம் ஒருநாள் ஜன்னத் என்ற பெண் வந்தாள். துணிக்கடைக்காரர் மகள். தரங்கம்பாடியில் இருக்கும் அண்ணனை, அவள் பேச்சில் நானாவை, பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். ரவிக்கைக்குள் காகிதம் சரசரத்தது. நீலாயதாட்சி உருவினார். பத்திரிகைத் தாள். அதில் ஒரு படம். பந்தலின் கீழ் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். ஓரத்தில், ஏறிய நெற்றியும் விரிந்த காதுமாகத் தங்கையன்.

"இது எப்பப் புடிச்ச படம்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பயப்படாத, சொல்லு."

"அல்லா மேல ஆணையாத் தெரியாதுங்க. யாரோ பண்டம் கட்டிக் குடுத்த தாளுங்க."

வெளியே சிப்பாய் கருப்பையன் செருமினார். "என்னம்மா, இவ்வளவு நேரம்?"

"பெரிய சேலை" என்றார் நீலாயதாட்சி. ஜன்னத்தின் காதருகே குனிந்து, "இவன் என் தம்பி. செத்துட்டான்னு கருமாதி பண்ணிட்டேன்" என்றார்.

ஜன்னத் அவர் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் உதடு அசையாமல் சொன்னாள்: "உங்க தம்பி நேத்து முகாமுல எங்க நானா பக்கத்துல நின்னு சோறு பரிமாறினாங்க. நான் பாத்தேன்."

நீலாயதாட்சி தாளைத் தம் இடுப்பில் சொருகிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார். வேலை முடிந்து தலத்தெரு வரை நடந்தார். "எதுக்க வர்றவுங்களுக்கெல்லாம் இடுப்புல காயிதம் போடுற சத்தம் கேக்குதுன்னே நெனச்சேன்."

வீட்டில் அல்லி அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். நீலாயதாட்சி கதவைச் சாத்திவிட்டுப் படத்தை நீட்டினார். அல்லி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருன்னு தெரியலீங்க அண்ணி."

"நல்லாப் பாரு."

"அவுங்கதான் செத்துட்டாங்களே. வண்டியில சொன்னாங்கல்ல."

அண்ணி சாவடியிலிருந்து தன்னைச் சோதிக்க வந்திருக்கிறார் என்று அல்லி நினைத்திருக்க வேண்டும். இவளே வெளியில் சொல்லிவிடுவாளோ என்று நீலாயதாட்சிக்குப் பயம் பிடித்தது. தாளை அடுப்புக்குள் தள்ளினார். தங்கையனின் முகம் சுருண்டு கருகுவதை அல்லி கண் எடுக்காமல் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அதன்பின் மூன்று மாதத்துக்கு மேல் இருவரும் ஒரே பானையில் உண்டார்கள். தங்கையன் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அல்லி தண்ணீர் எடுக்கப் போய் வந்தாள். "உப்புப் போதுமான்னு அவ கேட்டாக்கூட யோசிச்சுத்தான் பதில் சொல்லுவேன். என்னத்த மனசுல வச்சுக் கேக்குறாளோன்னு."

நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. மூன்றாம் நாள் தங்கையன் வீட்டுக்குள் நுழைந்தார். மனைவியின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டார்தான் சொன்னார்கள்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. நீலாயதாட்சி வீடுவீடாகக் கத்தரிக்காய் விற்கிறார். வாடிக்கைக்காரியாகப் பழகிய பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அல்லியிடம் திரும்பி, "படத்தைப் பாத்ததுமே அவருதான்னு ஒனக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

அல்லியின் கையில் முறம் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லு, என் காதுல விழாது" என்று நீலாயதாட்சி முழங்காலில் கையூன்றி எழுந்தார். கொல்லைப்பக்கம் இறங்கி, கதவைத் தமக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார்.