சைனீஸ் கடையில் குழைத்த சோறு

மட்டக்களப்பு நகரத்தில் எங்கள் குடும்பம் போய்ச் சாப்பிட்ட ஒரே கடை அந்தச் சைனீஸ் கடைதான். அங்கே சீனர் ஒருவரையும் நான் கண்டதில்லை. சமைத்தவர் காத்தான்குடிக்காரர், கொழும்பில் தொழில் பழகியவர். பரிமாறியவர் நரைத்த மீசைக்காரர், என்னைவிட மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

நாங்கள் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம். நான் வாவியில் வலை போடுகிறவன். றால் நன்றாகப் படும் மாதங்களில் ஒரு நாள், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, சென்றி என்ற காவலரணில் இறங்கி ஆமிக்காரரிடம் சோதனை கொடுத்து, பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போவோம். அங்கே சுவரோரம் நாலு மேசைகளுக்குத் திரை போட்டிருந்தார்கள், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று. அந்தத் திரைக்காகத்தான் நான் போனேன் என்றாலும் பிழையில்லை. ஆட்கள் பார்க்கச் சாப்பிட எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், அந்தச் சாப்பாட்டு அட்டையைக் கையில் தந்தாலே வியர்த்துவிடும். என்ன வேண்டும் என்று சொல்வதெல்லாம் மனைவிதான்.

ஒரு பிரைட் ரைஸ், காய்கறிக் குழம்பு மாதிரி ஒரு சொப்சி, ஒரு டெவல் றால். எப்போதும் அதுதான். மூன்றையும் அவள் ஒரே பீங்கானில் கொட்டி, மிளகாய்ப் பேஸ்டை நுனிவிரலால் தொட்டு வைத்து, வீட்டுச் சோறு மாதிரியே கையால் குழைப்பாள். முதல் உருண்டை எனக்கு, அடுத்தது மகனுக்கு, பிறகு மடியில் இருக்கும் மகளுக்கு. கடைசியில் தனக்கு. திரைக்குள்ளே நாங்கள் செய்யும் இந்த வேலை வெளியே யாருக்கும் தெரியாது. றால் என்னவோ எங்கள் வாவி றால்தான். ஆனாலும் வெங்காயத்தாளோடு இனிப்பும் உறைப்புமாக வரும்போது நான் அறியாத ஏதோவொரு வாவியில் பிடித்தது போல இருக்கும்.

இரவில் வாவியில் இறங்கக்கூடாது என்று ஆமி தடை போட்ட பிறகு தொழில் படுத்துவிட்டது. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் அக்காதான் பிள்ளைகளைப் பார்த்தாள்.

மனைவி இல்லாத அந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு தரம் பிள்ளைகளைச் சைனீஸ் கடைக்குக் கூட்டிப் போனேன். மீசைக்காரர் வந்து, "என்ன வேணும் அண்ணன்?" என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துத் திரைக்குள் யாரோ சூப் என்றது காதில் விழ, நானும் "சூப்" என்றேன். "மூண்டு பேருக்கும் சூப்பா?" ஓம் என்று தலையாட்டினேன். மூன்று சூப் குடித்துவிட்டு வந்தோம். பசியோடு பஸ்ஸில் இருந்த மகன், "அப்பா, இனி அம்மா வந்தாப் பிறகு போவம்" என்றான்.

அம்மா வந்தாள். மகளுக்கு அவளைத் தெரியவில்லை. "அன்ரி" என்றாள். அக்காவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள், இரவில் அக்காவோடுதான் படுத்தாள். பத்து நாள் ஆகியும் மாறவில்லை. குவைத்து வீட்டுக்காரி திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டிருந்தாள். ஒரு காலை பானையைத் தேய்த்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

"புள்ள என்னோட ஒட்டுறாள் இல்ல. இஞ்ச இருந்து நான் என்னத்துக்கு? அங்க போனா உழைச்சாவது அனுப்பலாம்."

"நாளைக்குச் சைனீஸ் கடைக்குப் போவமா?" என்றேன். மூன்று வருடத்தில் அவளிடம் நான் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

கடையில் திரைகள் இல்லை, கம்பிகள் மட்டும் இருந்தன. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம், ஆமி கழற்றச் சொல்லிவிட்டதாம். பக்கத்து மேசையில் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்கள் போல நாலு பேர். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"தங்கச்சி! எப்ப வந்த?" மீசைக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "அண்ணனுக்கு இண்டைக்கும் சூப்தானே?"

மகன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். மனைவிக்கு விளங்கவில்லை. அவன் கதையைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். வந்த பிறகு அன்றுதான் அவள் சிரித்ததைக் கண்டேன்.

சாப்பாடு வந்தது. அதே வாசம். அவள் நாலு பீங்கானில் பிரித்து வைத்து, கரண்டியும் முள்ளும் எடுத்து அழகாகச் சாப்பிடத் தொடங்கினாள். குவைத்து வீட்டில் பழகியது போலும். மகள் ஒரு றாலைக் கரண்டியால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, குழைக்கல்லையா?" என்றான் மகன்.

"சும்மா இரு மகன். ஆக்கள் பாக்கிறாங்க."

அது என் வசனம். என் பீங்கானை எடுத்து அவளுடையதில் கவிழ்த்தேன். மகனுடையதையும் கவிழ்த்தேன். பிறகு மேசைக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். காது சுட்டது. கையை எடுக்கவில்லை.

"என்ன இது, சின்னப் புள்ள மாதிரி," என்றாள். ஆனால் கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்தாள். குழைத்தாள். முதல் உருண்டை என் கையில் விழுந்தது. அடுத்தது மகனுக்கு. மூன்றாவதை உருட்டிய பிறகு அவள் கை மகளிடம் போகவில்லை. பீங்கான் ஓரத்தில் வைத்தாள்.

மகள் அதைப் பார்த்தாள். எங்கள் இருவரின் வாயையும் பார்த்தாள். "எனக்கு றால் வைக்கல்லையே," என்றாள், யாரையும் பார்க்காமல்.

மனைவி அந்த உருண்டையைப் பிரித்து நடுவில் ஒரு றால் வைத்து மூடிக் கொடுத்தாள். மகள் தின்றாள். "இன்னொண்டு. பெரிசா." அன்றைக்குத் தனக்கென்று ஓர் உருண்டை உருட்ட மனைவிக்கு நேரமே கிடைக்கவில்லை. அக்காவுக்கென்று இன்னொரு பிரைட் ரைஸ் வாங்கி, அதையும் அங்கேயே குழைத்துப் பார்சல் கட்டினோம்.

பின்னேரம் சென்றியில் ஆமிக்காரன் பார்சலைத் தடியால் தட்டி, "என்ன இது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். நான் வழமை போல அடையாள அட்டையைத்தான் நீட்டினேன். மனைவி பயந்து நின்றாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள்தான் கோபமாகச் சொன்னாள்:

"அதைத் தட்ட வேணாம்! எங்கட அம்மா குழைச்ச சோறு!"

அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, சிரித்துக்கொண்டு போகச் சொன்னான்.

பாதை நடு வாவிக்கு வந்தபோது மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏஜென்சிக்கு ஒருக்காப் போய்ச் சொல்லுங்க," என்றாள். "நீங்கதான் போகணும்."

மறுநாள் போனேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போய், மேசைக்கு முன்னால் நின்று, "அவ இனி வரமாட்டா," என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அதற்கு நான் ஆயத்தமாகி வரவில்லை.

"வீட்டில சோறு குழைக்கணும்," என்றேன்.