மாமிக்கு ஒரு கோப்பைத் தயிர்

தயிருக்கும் எனக்கும் ஒத்துவராது. ஒரு கரண்டி உள்ளே போனால் மூக்கு அடைக்கும், இரண்டாவது கரண்டிக்குத் தும்மல் தொடங்கும். மாரி காலத்தில், அதுவும் விடிகாலையில் தயிர் தின்கிறவர்களைக் கண்டால் இவர்களுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நினைக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் போன மாரியில் ஒரு மாதத்துக்கு மேலாக, ஒருநாள் விடாமல், காலை ஏழு மணிக்குத் தயிர் தின்றேன். என் மாமிக்காகத் தின்றேன்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் போய்ப் பத்து வருஷம். மாமா, மாமி, மனைவி, பிறகு பிறந்த மகள், இவ்வளவுதான் வீடு. மாமி பழைய ஆள். மருமகனுக்கு முன்னால் உட்கார மாட்டார், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். மருமகனுக்குத் தேத்தண்ணீர் வைத்திருக்கிறது என்று குசினியிலிருந்து தன் மகளிடம் சொல்வார். அது எனக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் மனைவி வந்து இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் நான் எழும்ப வேண்டும். முதல் வருஷம் எனக்கு இது சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வெயில் காலத்துக் கச்சான் காற்று ஓய்ந்த கையோடு மாமா மௌத்தானார். மாமி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. மருமகன் அந்நியன் இல்லை, தாராளமாகப் பார்க்கலாம், கதைக்கலாம். ஆனால் பத்து வருஷம் கதைக்காதவர் இப்போது புதிதாக என்ன கதைக்கப் போகிறார்? வெள்ளைப் புடவையும் தஸ்பீஹு மணியுமாக அறைக்குள்ளேயே இருந்தார். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது.

என் மனைவி மருத்துவிச்சி. லீவில் நின்ற நாளெல்லாம் உம்மாவுக்குப் பக்கத்திலிருந்து ஊட்டிவிட்டாள். லீவு முடிந்து அவள் காலை ஆறரை பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கியதும் வில்லங்கம் ஆரம்பித்தது. மாமி காலையில் தின்னவில்லை. மத்தியானம் கொஞ்சம் தின்பார், இரவிலும் பேருக்குத் தின்பார், காலையில் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். பிட்டு கோழிக்குப் போனது, இடியப்பம் பூனைக்குப் போனது. மாமிக்குச் சீனி வருத்தம். டாக்டர் கொடுத்த காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் ஆள் விழுந்துவிடும். ஒருநாள் உண்மையாகவே கிணற்றடியில் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்தான் கண்டு தாங்கிப் பிடித்தார்.

அன்றைக்கு மனைவி அழுதாள். உம்மாவையும் மௌத்தாக விடப்போகிறோமா என்று கேட்டாள். காலை எட்டு மணிக்குள் ஏதாவது ஒன்று மாமியின் வயிற்றுக்குள் போக வேண்டும், அது என் பொறுப்பு என்று ஒப்படைத்தாள். தொண்டைக்குள் இதமாக இறங்குகிற சாப்பாடாக இருக்கட்டும், தயிர் கொடுத்துப் பாருங்கள் என்றாள். மாரியில் தயிரா, சளி பிடித்துக் கிடக்கப்போகிறார் என்று பக்கத்து வீட்டிலிருந்து ஆலோசனை வந்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

தயிர் வாங்குவது கஷ்டமில்லை. அட்டாளைச்சேனைப் பக்கமிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் மண்சட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்பார். கவிழ்த்துக் காட்டுங்களேன் என்று ஒருநாள் கேட்டேன், அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

முதல்நாள் சட்டியிலிருந்து அள்ளி அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் மேலே தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தது. குளிராக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி, அதற்குள் தயிர்க் கோப்பையை இறக்கி, கரண்டியால் மெதுவாகக் கலக்கினேன். அவசரப்பட்டதில் தயிர் திரைந்து கட்டி கட்டியாகப் போனது. கைத்தொலைபேசி திருத்துகிறவன் நான். மயிரளவு கம்பியைப் பற்றவைக்கிறவனுக்கு ஒரு கோப்பைத் தயிர் பெரிய வேலையா என்று இருந்தவனுக்கு நல்ல பாடம்.

பிறகு கை பழகியது. குளிர் விட்டால் போதும், சூடு ஏறக் கூடாது. அவலை வெறும் சட்டியில் போட்டு, வாசம் வந்து மொறுமொறுப்பாகும்வரை வறுப்பேன். இஞ்சியைத் துருவிப் பிழிந்து ஒரு சிறு கரண்டிச் சாறு விடுவேன், சளிக்கு அது காவல். ஒரு கிள்ளு உப்பு. அரை வாழைப்பழம், மெல்லியதாக வெட்டியது. தயிருக்கு ஊற்றுகிற இனிப்புப் பாணி கூடவே கூடாது என்பது மனைவியின் சட்டம். நான் பேரம் பேசி ஒரே ஒரு பேரீச்சம்பழத்துக்கு அனுமதி வாங்கினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க அந்த இளஞ்சூட்டுத் தயிரிலிருந்து இஞ்சி வாசமும் வறுத்த அவல் வாசமும் எழும்பும்போது, தயிர் ஒத்துவராத எனக்கே வாயூறியது. கோப்பையைத் திரைக்குள் ஸ்டூலில் வைப்பேன். நான் ஒரு பிளேன்டீயோடு கடைக்குப் போவேன். காலைச் சாப்பாடு எனக்கு எப்போதும் பத்து மணிக்கு, கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் இரண்டு ரொட்டி.

மாமி தொடவில்லை. ஒரு கிழமை முழுக்கத் தொடவில்லை. எனக்குக் கவலையும் வந்தது, கோபமும் வந்தது. மாமியின் கன்னம் ஒட்டிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது.

டிசம்பரில் ஒருநாள் இரவெல்லாம் மழை பெய்து தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கடை திறக்க வழியில்லை, ஹோட்டலும் இல்லை. முதல்நாள் வேலைக்குப் போன மனைவி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். பள்ளிக்கூட லீவு, மகள் எழும்பவில்லை. மாமிக்குக் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். பசி பொறுக்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்த தயிரில் அவலைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே மண்டபத்து மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்தபடி தின்றேன். நாலைந்து வாய் போயிருக்கும். திரைக்கு உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு போய்ப் பார்த்தேன், கோப்பையில் பாதிக்கு மேல் இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இஞ்சி இன்றைக்குத்தான் சரியான அளவில் விழுந்திருக்கிறது என்று முடிவெடுத்தேன். அடுத்த நாள் அதே கரண்டி, அதே அளவு, ஒரு துளி பிசகவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். மத்தியானம் வந்தால் கோப்பை நிறைந்தபடி இருந்தது.

இரவு மனைவியிடம் இஞ்சிக் கணக்கைச் சொல்லிப் புலம்பினேன். அவள் இஞ்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் நின்ற அன்று நீங்கள் வீட்டிலா தின்றீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றதும் சொன்னாள்.

"வாப்பா தின்னாம உம்மா ஒருநாளும் வாய்ல வெச்சதில்ல. இப்ப இந்த வீட்டு ஆம்பிள நீங்க. நீங்க வெறும் வயித்தோட கடைக்குப் போனா உம்மா எப்பிடித் தின்னுற?"

எனக்கு நல்ல கோபம் வந்தது. இதைப் போய் ஒரு மனிதர் உயிரோடு விளையாடுகிற அளவுக்கு வைத்திருக்கிறாரே என்று மாமியின் மேல் வந்தது. இதை இத்தனை வருஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் மேலும் வந்தது, அல்லாஹ் அவரைப் பொறுத்துக்கொள்ளட்டும். கடைசியில் என் மேல் வந்தது. மத்தியானமும் இரவும் பத்து வருஷம் நான் சுடச்சுடத் தின்றபோதெல்லாம் உள்ளே ஒருவர் பசியோடு காத்திருந்திருக்கிறார். நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாளைக்கே போய், நீங்கள் முதலில் தின்னுங்கள் என்று நேராகச் சொல்லப்போகிறேன் என்றேன். அறுபத்து நாலு வயதில் உம்மாவுக்குப் புத்தி சொல்லப்போகிறீர்களா, பேசாமல் இருந்து தின்னுங்கள் என்றாள் மனைவி.

அப்படித்தான் நான் தயிர் தின்னத் தொடங்கினேன். இரண்டு கோப்பை. ஒன்று உள்ளே, ஒன்று எனக்கு. கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கரண்டியைக் கோப்பையில் நன்றாகத் தட்டித் தட்டித் தின்பேன், உள்ளே கேட்க வேண்டுமே. என் கோப்பை பாதியானதும் உள்ளே மெல்லச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன், அது வந்தால் அன்றைய நாள் நன்றாகப் போகும். ஒவ்வொரு காலையும் தும்மினேன், கைக்குட்டையை நனைத்தேன். ஒருநாள் திரைக்கு உள்ளேயிருந்து, மருமகனுக்குத் தடிமன் பிடித்திருக்கிறது போல என்று ஒரு குரல் வந்தது. மனைவி வேலைக்குப் போய்விட்டாள், மகள் தூக்கம். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை மாமி என்று நானும் திரையிடம் சொன்னேன்.

மாரி முடியப்போகிற நேரத்தில் தடிமன் காய்ச்சலாகியது. ஒருநாள் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மணி எட்டே முக்கால். மாமி குளிசை போட்டிருப்பார், வயிற்றில் ஒன்றும் இல்லை. கிணற்றடி ஞாபகம் வந்தது. சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். திரை ஒதுங்கியிருந்தது, அறையில் ஆள் இல்லை.

மாமி குசினியில் நின்றார். அடுப்பில் கொத்தமல்லி கொதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் திரும்பிக்கொள்ளவில்லை. ஏதோ களவு செய்தவர் போல நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் பசிச்சிப் போச்சி மகன். நான் முந்தித் தின்னிட்டன்."

மாமா போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நல்ல செய்தி அதுதான். எனக்குக் கண் நிறைந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு, நல்லாத் தின்றீர்களா மாமி என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். "கோப்பைய வழிச்சித் தின்னன்."